மாடி வீட்டு செல் ரிப்பேர்

அவளுக்குச் சோமாசி கொடுத்தால் முதலில் அதை இரண்டாக உடைப்பாள். உள்ளே தேங்காய்ப்பூ இருக்கிறதா, பொட்டுக்கடலை மாவு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பாள். அப்புறம்தான் அது வாய்க்குப் போகும். தீபாவளிக்கு நான் அடுப்பில் வெந்து சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்ததை என் முன்னாலேயே அப்படிப் பிரித்துப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்?

"ஏத்தா, நான் என்ன விஷத்தையா வச்சுக் குடுக்கப் போறேன்?"

"உங்கள ஒண்ணும் சொல்லல பெரியம்மா. மூடி இருக்கிறதைத் திறந்து பாக்காம என்னால எடுக்க முடியல. பழகிப்போச்சு."

அந்தப் பழக்கத்தோடு ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டினேன். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். செல்லூரில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை. நாற்பதுக்குக் கிட்டத்தில் வயது. அவள் பேரை நான் இதில் எழுத மாட்டேன். ஒருதரம் அவளைப் பற்றி எழுதிப் பட்டது போதும்.

வீடு கேட்டு வந்த அன்றைக்கு வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வா என்றாலும் வரவில்லை.

"முதல்ல ஒரு விசயம் சொல்லிர்றேன் பெரியம்மா. வீட்டுக்காரர விட்டு வந்துட்டேன். நான் இருக்கிற இடம் அவருக்குத் தெரியக் கூடாது. யாரு கேட்டாலும் அப்படி ஒருத்தி இங்க இல்லன்னு சொல்லணும். அதுக்குச் சம்மதம்னா சாமான எடுத்துட்டு வாரேன்."

அவளுடைய இடது கையில் கடைசி இரண்டு விரல் மடங்கியே இருந்தது. நான் பார்க்கிறதை அவளும் பார்த்தாள். "கதவிடுக்குல வச்சுச் சாத்துனாரு" என்றாள். மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"என் வாசலைத் தாண்டி எவன் வந்துருவான்? நான் இருக்கேன், வா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல் மாறாதவள் என்று எனக்கு இந்தத் தெருவில் பேர் உண்டு. மாவு ஆட்டி விற்று மாடி எழுப்பினவள் நான்.

வந்த முதல் வாரத்திலேயே ஊமையாய்க் கிடந்த எங்கள் காலிங் பெல்லைக் கழற்றிச் சரிபண்ணினாள். அடுத்து ஃபேன் ரெகுலேட்டர். அடுத்து என் மிக்ஸி. கேட்டா செய்கிறாள்? அவள் பாட்டுக்குத் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மடங்கின விரல் இரண்டையும் ஒரு முட்டு மாதிரி கொடுத்து, மிச்ச மூன்று விரலால் கடுகு அளவு ஆணியைக் கழற்றுவாள். திறக்க வராதபடி பசை போட்டு ஒட்டின சாமானைக் கண்டால்தான் அவளுக்குக் கோபம் வரும். "காசு குடுத்து வாங்குனவன் திறந்து பாக்கக் கூடாதுன்னா, அப்ப அது அவன் சாமானா, இவன் சாமானா?" என்று மிக்ஸியைப் பார்த்துக் கேட்பாள். மிக்ஸி என்ன பதில் சொல்லும்?

ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டு இருக்கும்போது கேட்டேன், "முன்னாடி ஓடிப் போனப்ப எல்லாம் அவன் உன்னக் கண்டுபிடிச்சுட்டான்னு சொன்னியே, எப்படித்தா?"

"அவரு என்னைத் தேடி அலையவே இல்ல பெரியம்மா. என் போனே சொல்லிருச்சு. கல்யாணத்துக்கு அவருதான் வாங்கிக் குடுத்தாரு. நான் எங்க இருக்கேன்னு அது அவரு போன்ல மேப்புல காட்டும். கம்பெனிக்காரன் இலவசமாக் குடுக்கிற வசதி. எங்க அம்மா வீட்டுக்குப் போக பஸ்ஸ விட்டு இறங்குனா, எனக்கு முன்னாடி வந்து டீக்கடையில உக்காந்திருப்பாரு. ஒருதரம் இல்ல, மூணுதரம். என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, இன்னொரு டீ போடச் சொல்லுவாரு."

கீரைக்கட்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டாளாம். போனில் கம்பெனிக்காரன் போட்டு அனுப்பினதை எல்லாம் அடியோடு துடைத்து எடுத்துவிட்டு, வேறு ஒன்றைப் போடுகிறது. உலகத்தில் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்தது. எழுதினவன் யாருக்கும் தெரியாமல் அதில் எதையும் ஒளிக்க முடியாது, ஒளித்தால் இன்னொருத்தன் கண்டுபிடித்துவிடுவான் என்றாள். அவளுக்கு அது போதும். திறந்து காட்டினால் நம்புவாள்.

அவள் போனோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. என் போனையும் கேட்டாள்.

"உங்க போனும் என் போனும் ஒரே வீட்டுல இருக்கு பெரியம்மா. உங்க போன் வெளிய சொன்னா என் விசயத்தையும் சேத்துத்தான் சொல்லும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்தவள் இல்லையா, எடுத்துக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வைத்துக்கொண்டு கொடுத்தாள். வாங்கிப் பார்த்தால் என் போன் மாதிரியே இல்லை. மொட்டை அடித்து விட்ட மாதிரி இருந்தது.

முதல் அடி என்ன தெரியுமா? மைக்கைக் காணோம். எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ரெண்டாங்கிளாஸோடு சரி. அந்த மைக்கை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். அதை வைத்துத்தான் நான் காலம் தள்ளினேன்.

"நீங்க பேசுறது அம்புட்டும் கம்பெனிக்குப் போயி, அங்க எழுத்தாகித் திரும்பி வருது பெரியம்மா. அதான் எடுத்துட்டேன். கீபோர்டு போட்டிருக்கேன். தொட்டு எழுதுங்க."

"போடி இவளே, நான் என்ன கலெக்டருக்கா படிச்சேன்?"

"கையெழுத்துப் போடுறீங்கள்ல? அப்ப எழுத்து தெரியும்."

அவள் அப்படிச் சொன்னது என் ரோஷத்தைத் தொட்டுவிட்டது. பேங்கில் ஒருதரம் அங்கே இருந்த பையன் என் சேலையைப் பார்த்துவிட்டுக் கேட்காமலேயே மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினான். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கி, முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கைநாட்டு என்று என்னை ஒருத்தரும் சொல்ல நான் விட்டதில்லை.

ஆகவே உட்கார்ந்து எழுதினேன். யாருக்கும் கடிதாசி எழுதவில்லை. போனில் இருந்த நம்பருக்கெல்லாம் பேர் எழுதினேன். பேர் என்றால் வெறும் பேர் இல்லை. அந்தக் காலத்தில் தபாலுக்கு விலாசம் எழுதுகிற மாதிரி ஊர், தெரு, யார் என்று முழுசாகப் போடுவேன். ஒரே பேரில் நாலு பேர் இருப்பார்கள், தெருவை வைத்துத்தான் எனக்கு ஆள் அடையாளம். 'பேரையூர் பஸ்டாண்டு பக்கம் தங்கச்சி.' 'அவனியாபுரம் ரெண்டாவது சந்து பால்காரர்.' மெனக்கெட்டு முதன்முதலில் எழுதினது அவளுடைய நம்பர்தான். எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆனது. 'வில்லாபுரம் தண்ணிடேங்க் தெரு மாடி வீட்டு செல் ரிப்பேர்.' எழுதிவிட்டு எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

மற்றபடி அந்தப் போனை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே. கேஸ் புக் பண்ணுகிற ஆப்பைத் திறந்தால் 'இந்தப் போன் பாதுகாப்பானது இல்லை' என்று வரும். மாடிப்படியில் நின்று கத்துவேன்.

"ஏத்தா, ரொம்பப் பாதுகாப்புன்னு சொன்ன? உன் போன்தான் களவாணின்னு சொல்லுது இது!"

மேலே இருந்து பதில் வரும். "பூட்டை மாத்துனா பழைய சாவி வச்சிருக்கிறவனுக்குக் கோவம் வரத்தான் செய்யும் பெரியம்மா. போன் போட்டுப் புக் பண்ணுங்க. அதுக்கு ஆப்பு வேணாம்."

எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். அவள் சொன்னது அம்புட்டும் சரி. ஆனால் அவள் சொன்னபடி இருந்தால் என்னால் பொழைக்க முடியவில்லை.

மேப்பு கதையைக் கேளுங்கள். கம்பெனி மேப்புக்குப் பதிலாக ஜனங்களே வரைகிற மேப்பு ஒன்று வைத்திருந்தாள். சாயங்காலம் வேலை விட்டு வந்து தெருத்தெருவாக நடப்பாள். எங்கே குழாய், எங்கே ரேஷன் கடை, எங்கே வேப்பமரம் என்று ஒவ்வொன்றாகப் போனில் குறிப்பாள். எங்கள் தெருவை அதில் ஏற்றினது அவள்தான். பெருமையாக வாங்கிப் பார்த்தேன். டேங்க் இருக்கிறது, எதிர்வீடு இருக்கிறது, முக்குக்கடை இருக்கிறது. என் வீடு இருக்கிற இடம் வெறும் பொட்டல்.

"மாடி வச்சுக் கட்டுன வீடு உன் கண்ணுக்குத் தெரியலையாக்கும்?"

சிரித்தாள். "நீங்களும் நானும் மட்டும் அங்க இல்ல பெரியம்மா."

மெசேஜ்தான் என்னைக் கடைசியில் கவிழ்த்தது. கம்பெனியோடது போனில் இல்லை என்றால், மெசேஜ் வந்தால் மணி அடிக்காதாம். நாமாகப் போய்த் திறந்து பார்த்தால்தான் உள்ளே வந்து கிடக்கும். அவள் அதையும் முதலிலேயே சொல்லியிருந்தாள், காலை சாயங்காலம் திறந்து பாருங்கள் என்று. எனக்கு அது நினைப்பில் நிற்கவில்லை. பேரையூரில் என் தங்கச்சி பேரனுக்குக் காதுகுத்து. பெரியவள் என்று நான்தான் முதல் தட்டு கொண்டுபோக வேண்டும். பட்டுச்சேலை கட்டி, பழம், வெற்றிலைபாக்கு, துணிமணி எல்லாம் தாம்பாளத்தில் வைத்து, பஸ்ஸில் மடியில் பத்திரமாக ஏந்திக்கொண்டு போய் மண்டபத்து வாசலில் இறங்குகிறேன். பூட்டிக் கிடக்கிறது. மோட்டார் கெட்டுத் தண்ணீர் இல்லை என்று வேறு மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்களாம். முதல் நாளே எல்லாருக்கும் மெசேஜ் போட்டிருக்கிறார்கள். தங்கச்சிக்குப் போன் அடித்தால் மேளச்சத்தத்தில் அவள் எடுக்கவில்லை. தாம்பாளத்தோடு வெயிலில் ஒருமணி நேரம் நின்றேன். ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துக்கொண்டு போனான். கடைசியில் பக்கத்துக் கடைக்காரர் விசாரித்துச் சொல்லி நான் புது மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காது குத்தி முடித்துப் பந்தி நடந்துகொண்டு இருந்தது.

"என்னக்கா, இம்புட்டு நேரங்கழிச்சு வார? மெசேஜ் பாக்கலையா?" என்று கேட்டாள் தங்கச்சி. சபையில் கேட்டாள்.

மறுநாளே திருப்பூரில் இருக்கிற என் மகனுக்குப் போன் போட்டு அழுதுவிட்டேன். அடுத்த வாரம் புதுப் போனோடு வந்தான். பழைய போனில் இருந்த நம்பரை எல்லாம் இதில் ஏற்றினான். கண்ட கண்ட கடன்காரக் கம்பெனி எல்லாம் எனக்கு அடிக்கிறான் என்று சொன்னேன். யார் கூப்பிடுகிறார்கள் என்று பேர் காட்டுகிற ஒரு ஆப்பையும் போட்டுக் கொடுத்தான்.

"அது கேக்குறதுக்கெல்லாம் சரி சரின்னு அமுக்கிக்கிட்டே போங்கம்மா."

அமுக்கினேன். மைக்கும் திரும்பி வந்துவிட்டது. மணி அடித்தது. கேஸ் ஆப்பு திறந்தது. ராணி மாதிரி இருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கீழே வந்தாள். டேபிளில் புதுப் போன் கிடந்ததைப் பார்த்தாள். பிடித்து இரண்டு சத்தம் போடுவாள் என்று நானும் பதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என் நம்பர் இதுல இருக்கா பெரியம்மா?"

"இருந்தா என்னவாம்?"

"என் நம்பர மட்டும் அழிச்சிருங்க. எழுதி வச்சுப் பாத்து அடிங்க. இல்லன்னா படியில நின்னு கூப்புடுங்க, இறங்கி வாரேன்."

"சரி சரி, அழிச்சாச்சு" என்றேன்.

அழிக்கவில்லை. அப்புறம் அழிக்கலாம் என்றும் நான் நினைக்கவில்லை. அரைமணி நேரம் குனிந்து உட்கார்ந்து எழுதினதை, இவள் சொன்னாள் என்று நான் ஏன் அழிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். தாம்பாளத்தோடு வெயிலில் நின்றவள் நான்தானே, அவள் இல்லையே என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. நான் வாசல்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டு இருக்கிறேன். வெள்ளைச்சட்டை போட்ட ஆள் ஒருத்தர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கையில் ஆப்பிள் பை. முகத்தில் அப்படி ஒரு மரியாதை.

"வணக்கம்மா. மாடியில செல் ரிப்பேர் பாக்குற பொண்ணு இருக்குல்ல? நான் அதோட வீட்டுக்காரர். ஒரு சின்ன மனஸ்தாபம். கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவள் மேலேதான் இருந்தாள். அவளுடைய செருப்பு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. கையில் இருந்த முறத்தை அதன்மேல் வைத்துவிட்டு எழுந்தேன்.

"அப்படி யாரும் இங்க இல்லையே."

அவர் சிரித்தார். சட்டைப்பையில் இருந்து போனை எடுத்தார். "அவங்க அம்மா போன்ல பாத்தேன், ஒரு நம்பர்ல இருந்து கூப்புட்டிருக்கு. அதை நான் இந்தப் பேர் காட்டுற ஆப்புல போட்டுப் பாத்தேன். என்ன வந்துச்சுன்னு நீங்களே பாருங்க." கேட்டுக் கம்பிக்கு உள்ளே கையை நீட்டிப் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

வில்லாபுரம். தண்ணிடேங்க் தெரு. மாடி வீட்டு செல் ரிப்பேர்.

என் எழுத்து. நான் தொட்டுத் தொட்டு எழுதினது, ஒரு எழுத்து மாறாமல் யாரோ ஒருத்தனுடைய போனில் இருக்கிறது.

"இந்தத் தெருவுல மாடி வச்ச வீடு நாலுதான் இருக்கு. விசாரிச்சுட்டுத்தான் வாரேன். இந்த ஆப்பு போட்டவங்க போன்ல என்ன பேர் எழுதியிருக்கோ, அதை எடுத்து எல்லாருக்கும் காட்டும். வீட்டுக்கார அம்மா நீங்கதான் இப்படிப் பேர் போட்டு வச்சிருக்கணும். என்னம்மா, நீங்க எழுதுனதுதானே?"

"எனக்கு எழுத்து தெரியாது தம்பி" என்றேன். "அதுல என்ன போட்டிருக்குன்னே எனக்கு விளங்கல. நான் கைநாட்டு."

என் வாயில் இருந்து அந்தச் சொல் வந்துவிட்டது. பெருவிரலைக்கூடத் தூக்கிக் காட்டினேன்.

அவர் என் விரலைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். நம்பிவிட்டார். என்னைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறேன் போல. மாடியை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்.

"மேல யாரு?"

"என் அண்ணன் மகன். நைட் டூட்டி பாத்துட்டுத் தூங்குறான். எழுப்பட்டா?"

"வேணாம்மா. சாயங்காலம் வந்து அவர்ட்டயே கேட்டுக்கிறேன்." ஆப்பிள் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். தெருமுக்குத் திரும்புகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

திரும்பினால் மாடிப்படியில் பாதியில் அவள் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தேன். கையை நீட்டி என் போனைக் கேட்டாள். கொடுத்தேன். தேடி எடுத்து அந்தப் பேரைப் பார்த்தாள்.

"ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல பெரியம்மா" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

பன்னிரண்டு மணிக்குள் இரண்டு பையைக் கட்டிவிட்டாள். ஆட்டோவைப் பின்சந்தில் நிற்கச் சொன்னாள். "எங்கத்தா போற?" என்று கேட்டேன். "எனக்கு மட்டும் சொல்லு, செத்தாலும் வெளிய விட மாட்டேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்த மடங்கின விரலோடு.

"நீங்க விட மாட்டீங்க. எனக்குத் தெரியும்" என்றாள். சொல்லாமலேயே போய்விட்டாள்.

சாயங்காலம் அந்த ஆள் வந்தார். மாடிக் கதவை அகலத் திறந்துவிட்டேன். காலி அறையைச் சுற்றிப் பார்த்தார், அலமாரியைத் திறந்து பார்த்தார், போனார். அதற்குப் பிறகு இரண்டுதரம் வந்தார். அப்புறம் வரவில்லை.

இது நடந்து ஆறு வருஷம் இருக்கும். அந்த நம்பருக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. என் போனில் இருந்து அந்தப் பேரை அன்றைக்கே அழித்துவிட்டேன். ஆனால் என் மகன் போனில் அந்த ஆப்பில் நம்பரைப் போட்டால் அப்படியே வந்து நிற்கிறது. "இதை எடுக்கச் சொல்லுடா" என்று எத்தனையோ தடவை அவனோடு சண்டை போட்டுவிட்டேன்.

"அந்த நம்பருக்காரங்கதாம்மா கேக்கணும். அவங்க போனுக்கு ஒரு மெசேஜ் வரும், அதுல இருக்கிற நம்பரப் பாத்துப் போட்டாத்தான் எடுப்பான்."

"அவ இங்க இல்லையேடா."

"அதைச் சொன்னா அவனுக்குப் புரியாதும்மா."

மாடியில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். புருஷன், பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. அவள் எந்த ஊரில் இருக்கிறாள், இருக்கிறாளா என்றே எனக்குத் தெரியாது. கம்பெனிக்காரனைக் கேட்டால், இன்றைக்கும் அவள் என் மாடியில்தான் குடியிருக்கிறாள் என்கிறான்.